மூன்றாம் இலக்க அறைக் கதவில் இருந்த மஞ்சள் தாள்

முதலில் என் கையெழுத்துக்கு மன்னிப்புக் கேட்கிறேன். எழுத்துப் பிழைகளுக்கும் சேர்த்துத்தான். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதற்குப் பிறகு தமிழில் எழுதியதென்றால் கடைச் சாமான் துண்டுகளும் கலியாண வாழ்த்து உறைகளும்தான். எங்கள் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியின் ஆண்டு மலருக்கு நெருப்பு வந்த நாளைப் பற்றி எழுதித் தரச் சொல்லிச் செயலாளர் கேட்டபோது எனக்கு எழுத வராது என்றுதான் சொன்னேன். "நீங்கள் கையால எழுதித் தாங்கோ அண்ணை, நாங்கள் ரைப் பண்ணுறம்" என்றார் அவர். இதில் ஒருவரும் பிழை திருத்தவில்லை. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

எழுதுகிற இந்தச் சாப்பாட்டு மேசையில் நான்காய் மடித்த ஒரு மஞ்சள் தாள் இருக்கிறது. மடிப்பில் கிழியத் தொடங்கிவிட்டது. மேலே ஒட்டுநாடாவின் ஒரு துண்டு இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது, அதில் கதவின் சாம்பல் நிறப் பெயின்ற் கொஞ்சம் உரிந்து வந்திருக்கிறது. அந்தக் கதவு இப்போது இல்லை. அந்த அறையும் இல்லை. இந்தத் தாள் ஆறு வருடமாக என் சப்பாத்துப் பெட்டி ஒன்றுக்குள், பழைய சம்பளத் துண்டுகளுக்கு அடியில் கிடந்தது.

நான் வேலை செய்யும் பள்ளிக்கூடம் ரொறன்ரோவின் கிழக்கு ஓரத்தில், வீடுகள் முடிந்து வயல்கள் தொடங்குகிற இடத்தில் இருக்கிறது. பதினெட்டு வருடமாக நான் அங்கே பராமரிப்பாளன். கூட்டுவது, துடைப்பது, பனி வழிப்பது, விளக்கு மாற்றுவது, கதவு திறந்து பூட்டுவது எல்லாம் என் வேலை. சனிக்கிழமை காலையில் அந்தக் கட்டிடம் தமிழ்ப் பள்ளிக்கு. ஸ்காபரோவில் இருந்தும் அஜக்ஸில் இருந்தும் பிள்ளைகளைக் கொண்டுவந்து இறக்குவார்கள். அன்றைய வேலை முறையை நான் கேட்டு வாங்குவேன். நாள் முழுவதும் தமிழில் கதைக்கலாம் என்பதுதான் காரணம். ஆனால் உண்மையில் அங்கேயும் நான் அதிகம் கதைப்பதில்லை.

தமிழ்ப் பள்ளியின் அதிபரை எல்லோரும் ரீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள், பெற்றோரும் கூட. யாழ்ப்பாணத்தில் உப அதிபராக இருந்தவர். இங்கே வந்து ஒரு தொழிற்சாலையில் மருந்துப் போத்தல்களுக்கு மூடி போட்டு ஓய்வு பெற்றவர். சனிக்கிழமை மட்டும் சேலை கட்டி, முழங்கைவரை மடித்த சுவெற்றருடன் வருவார். ஒன்பது இருபதுக்கு வாசலில் நிற்பார். ஒன்பது முப்பத்தொன்றுக்கு வருகிற பிள்ளையின் தகப்பனை அவர் பார்க்கும் பார்வையில், வாகனத்தைச் சரியாக நிறுத்தாமலே சில பேர் போய்விடுவார்கள். தவணைக்கு ஒருமுறை நெருப்பு ஒத்திகை வைப்பார். மணி அடித்தால் எந்த வகுப்பு எந்தக் கதவால் போவது, யார் கடைசியில் விளக்கை அணைப்பது, எங்கே நின்று எண்ணுவது என்றெல்லாம் ஒரு படம் கீறி வைத்திருந்தார். இதை ஏன் சொல்கிறேன் என்றால், பிற்பாடு அவரைப் பற்றிப் பேசியவர்கள் இதை மறந்துவிட்டார்கள்.

சித்திரை மாதக் கடைசி. பனி உருகி, மழை பெய்யாமல், பச்சை இன்னும் வராத நாட்கள். பள்ளிக்குப் பின்னால் உள்ள வயலில் போன வருடத்துப் புல் இடுப்பளவுக்குக் காய்ந்து நின்றது. வெள்ளிக்கிழமை நான் நெருப்பு மணிகளைப் பரிசோதித்தேன். கட்டிடத்துக்கு வெளியே, பின்பக்கத்தில், மரத்தால் செய்து கட்டைகள்மேல் தூக்கி வைத்த தனி வகுப்பறைகள் மூன்று இருந்தன. அதில் மூன்றாம் இலக்க அறையில் மணி அடிக்கவில்லை. மேலதிகாரிக்கு அறிவித்தேன். திங்கட்கிழமை திருத்த ஆள் வரும், அதுவரை அறையைப் பூட்டி அறிவித்தல் ஒட்டு என்றார். மஞ்சள் தாளில் அலுவலகம் அச்சடித்துத் தந்தது. "மணி வேலை செய்யவில்லை, இந்த அறையைப் பாவிக்க வேண்டாம்" என்று அதில் ஆங்கிலத்தில் இருக்கிறது. நான் ஒட்டினேன்.

அடுத்த நாள் தமிழ்ப் பள்ளியில் ஆண்டிறுதிப் பரீட்சை. ரீச்சர் காலையிலேயே வந்து என்னைத் தேடிப் பிடித்தார்.

"தம்பி, பின்னால இருக்கிற மூண்டாம் அறையைத் திறந்து விடும். பெரிய பிள்ளையளைத் தள்ளித் தள்ளி இருத்த வேணும். உள்ளுக்க இடம் காணாது."

"ரீச்சர், அதில ஒரு சின்னப் பிரச்சினை..."

"என்ன, லைற் எரியாதோ?"

"லைற் எரியும்."

"ஹீற்றர்?"

"அதுவும் வேலை செய்யும் ரீச்சர்."

"பிறகென்ன? ரெண்டு மணித்தியாலம்தானே. சோதினைத் தாள் எல்லாம் அடுக்கி வைச்சிட்டன்."

அவ்வளவுதான் பேச்சு. மணி வேலை செய்யாது என்று சொல்ல மூன்று சொல் போதும். அது என் வாயில் வரவில்லை. படித்தவர்கள் முன்னால், அதுவும் ஒரு ரீச்சர் முன்னால், இல்லை என்று சொல்லி எனக்குப் பழக்கமில்லை. ஐந்தாம் வகுப்பில் இருந்து வந்த பழக்கம், ஐம்பது வயதிலும் போகவில்லை. நான் முன்னால் நடந்து போய் அந்தத் தாளை இழுத்து எடுத்தேன். பெயின்ற் உரிந்து வந்தது. "உது என்ன தாள்?" என்று பின்னால் வந்த ரீச்சர் கேட்டார். "பழசு ரீச்சர், ஒண்டும் இல்லை" என்று சொல்லி நான்காய் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். கதவைத் திறந்து விட்டேன்.

பதினொரு மணி போல நான் முன்வாசலில் கால்மிதிகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். புகை மணந்தது. வசந்தத்தின் முதல் சூடான சனிக்கிழமை அது, யாரோ வீட்டுக்குப் பின்னால் இறைச்சி வாட்டுகிறார்கள் என்று நினைத்துத் தொடர்ந்து கழுவினேன். இதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஐந்து நிமிடம் போயிருக்கும். பின்பக்கம் போய்ப் பார்த்தபோது வயலின் மறுகரையில் இருந்து மண்ணிறப் புகை படுத்தபடி வந்துகொண்டிருந்தது. நெருப்பு உயரமாக இல்லை. முழங்கால் அளவு, ஆனால் வயலின் அகலத்துக்கு ஒரே கோடாக, காற்றோடு ஓடி வந்தது. வயலோரத்தில் இருந்த பழைய பண்ணை வீட்டின் களஞ்சியம் ஏற்கெனவே பிடித்துவிட்டது.

ஓடிப்போய் மணியை இழுத்தேன். கட்டிடத்துக்குள் எல்லாம் ரீச்சருடைய படத்தில் உள்ளபடியே நடந்தது. சின்னப் பிள்ளைகள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வரிசையாக முன்பக்க வாகனத் தரிப்பிடத்துக்குப் போனார்கள். ஆசிரியைகள் எண்ணினார்கள். கோப்பி குடித்துக்கொண்டு கார்களில் இருந்த பெற்றோர் இறங்கி வந்தார்கள். முதலிரண்டு தனி அறைகளும் பழைய மேசை கதிரைகள் அடுக்கிப் பூட்டிக் கிடந்தவை. மூன்றாவதில் இருந்து மட்டும் ஒருவரும் வரவில்லை. ஏன் வரவில்லை என்று அந்த இடத்தில் அறிந்திருந்தவன் நான் ஒருவன்தான்.

நான் கட்டிடத்தைச் சுற்றி ஓடும்போது களஞ்சியத்துக்குள் இருந்த காஸ் சிலிண்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெடித்தன. யன்னல்கள் அதிர்ந்தன. பொலிஸ் ஹெலிகொப்ரர் ஒன்று கூரைக்கு மேல் தாழ வந்து நின்றது. ஊரில் யுத்த காலத்தில் கேட்ட அதே சத்தங்கள். ஒரு கணம் சுவரோடு ஒட்டி நின்றேன். பிறகு ஓடினேன்.

மூன்றாம் அறையின் கதவு உள்ளே பூட்டியிருந்தது. விளக்குகள் அணைந்திருந்தன. யன்னல் திரைகள் இறக்கப்பட்டிருந்தன. தட்டினேன், கத்தினேன். உள்ளே மூச்சுக் கூட இல்லை. அதற்குக் காரணத்தைப் பிறகு பிள்ளைகள் சொன்னார்கள். வெடிச்சத்தம் கேட்டதும் ரீச்சர் "படுங்கோ!" என்று கத்தியிருக்கிறார். ஊரில் செல் குண்டு விழும்போது செய்ததை அப்படியே செய்திருக்கிறார். இங்கே பிறந்த பிள்ளைகளுக்கோ, துவக்கோடு யாராவது பள்ளிக்குள் வந்தால் என்ன செய்வது என்று வருடா வருடம் பழக்குகிறார்கள். கதவைப் பூட்டு, விளக்கை அணை, மேசைக்குக் கீழே போ, சத்தம் போடாதே, யார் தட்டினாலும் திறக்காதே. ரீச்சர் படுக்கச் சொல்ல, பிள்ளைகள் தங்களுக்குத் தெரிந்ததை ஒழுங்காகச் செய்துவிட்டார்கள். ஒருவரும் ஒருவரையும் கேள்வி கேட்கவில்லை.

என் இடுப்பில் நாற்பது சாவி. மூன்றாம் இலக்கச் சாவிக்குச் சிவப்பு நூல் கட்டியிருந்தேன், ஆனாலும் இரண்டு தரம் தவறவிட்டேன். திறந்தபோது கண்டதை இன்றைக்கும் அப்படியே சொல்லலாம். மேசைகளுக்கு அடியில் பதினேழு பிள்ளைகள். எல்லோரும் காதைப் பொத்திக்கொண்டிருந்தார்கள். எல்லோர் வாயிலும் குறுக்கே ஒரு பென்சில். அதிர்ச்சியில் பல்லும் காதும் போகாமல் இருக்க ஊரில் எங்களைக் கடிக்கச் சொல்வார்கள், தடியோ துணியோ எது கிடைக்கிறதோ அது. யன்னல் பக்கமாக, பிள்ளைகளுக்கும் கண்ணாடிக்கும் நடுவில், ரீச்சர் சேலையோடு குப்புறப் படுத்திருந்தார். அந்த யன்னலின் திரை ஓரத்தால் புகை உள்ளே வந்துகொண்டிருந்தது.

"தம்பி, படும்! படும்! ஹெலிக்காரன் மேலை நிக்கிறான்!"

"ரீச்சர், எழும்புங்கோ. நெருப்பு. வெளியால வாங்கோ."

"வெளியால போகாதேங்கோ! ஒருத்தரும் அசையக் கூடாது!"

பிள்ளைகள் என்னைப் பார்த்தார்கள், ரீச்சரைப் பார்த்தார்கள், அசையவில்லை. அவர்களும் என்னைப் போலத்தான், ரீச்சர் சொன்னால் சொன்னதுதான். அப்போது நான் கத்தினேன். "எழும்பு! எழும்பெண்டு சொல்லுறன்! எழும்பி வெளியால போ!" பிள்ளைகளுக்கு இல்லை, ரீச்சருக்கு. என் வாழ்க்கையில் ஒரு படித்த மனிதரை, அதுவும் என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவரை, அப்படி ஒருமையில் அதட்டியது அன்று மட்டும்தான். ரீச்சர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். எங்கே இருக்கிறோம் என்பது அவர் முகத்தில் திரும்பி வருவதை நான் கண்டேன். மறுகணம் அவர் எழும்பிவிட்டார். "வரிசையா! வாயை மூடிக்கொண்டு, சேட்டால மூக்கைப் பொத்திக்கொண்டு!" என்றார். பழைய குரல்.

கடைசி மேசைக்கு அடியில் ஒரு பிள்ளை எழும்பவில்லை. பன்னிரண்டு வயது, ஆஸ்துமா உள்ள பிள்ளை. மூச்சு விட முடியாமல் சுருண்டு கிடந்தது. நான் தூக்கிக்கொண்டு ஓடினேன். ரீச்சர் வரவுப் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு பின்னால் வந்தார். தரிப்பிடத்தில் நின்று பெயர் கூப்பிட்டு எண்ணினார். பதினேழும் சரி. அதற்குப் பிறகுதான் அவர் நிலத்தில் குந்தி இருந்தார். சில பிள்ளைகளின் வாயில் அப்போதும் பென்சில் இருந்தது. கார்ப் பக்கத்தில் நின்ற ஒரு தாய் தன் மகனின் வாயில் இருந்து அதை மெல்ல எடுத்ததை நினைவிருக்கிறது. அந்தத் தாய் ஒன்றும் கேட்கவில்லை. அந்தத் தாயும் ஊரில் பிறந்தவர்.

மூன்று தனி அறைகளும் எரிந்தன. வயலுக்கு அப்பால் இரண்டு வீடுகளும் ஒரு தெருவின் வேலிகள் முழுவதும் போயின. உயிர்ச்சேதம் இல்லை. ஆஸ்துமா இருந்த பிள்ளை ஆஸ்பத்திரியில் நான்கு நாள் இருந்தது. பள்ளிக்கூடம் மூன்று கிழமை பூட்டிக் கிடந்தது. நான் சுவர் சுவராகக் கரி கழுவினேன். பிள்ளைகள் திரும்பி வந்தபோது அடுத்த சில மாதங்களுக்கு யார் எங்கே இறைச்சி வாட்டினாலும் வகுப்பில் ஒரு பிள்ளையாவது அழும் என்று ஆசிரியைகள் சொன்னார்கள். விசாரிக்க வந்த அதிகாரி என்னிடம் ஒரு கேள்விதான் கேட்டார். அறிவித்தல் ஒட்டினாயா? ஒட்டினேன் என்றேன். அது உண்மை. அவர் அடுத்த கேள்வி கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

எனக்கு நித்திரை வரவில்லை. பெற்றோர் கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்னால் ரீச்சர் வீட்டுக்குப் போய் அந்தத் தாளைக் கொடுத்தேன். அவர் கண்ணாடியைப் போட்டு இரண்டு தரம் வாசித்தார். "அப்ப மணி அடிக்கவே இல்லை" என்றார். பிறகு, கணக்கொன்றைச் சரிபார்ப்பவர் போல, "மணி அடிச்சிருந்தால் நான் கூட்டிக்கொண்டு வெளியால வந்திருப்பன். வந்திருப்பன்தானே, தம்பி?" என்று கேட்டார். வந்திருப்பீர்கள் என்றேன். நிச்சயமாக வந்திருப்பார். தாளை அதே மடிப்பில் மடித்துத் திருப்பித் தந்தார்.

"ஒருத்தருக்கும் காட்ட வேண்டாம். உமக்கு ரெண்டு பிள்ளையள் படிக்குதுகள். உந்த வேலை போனால் என்ன செய்வீர்? எனக்குப் போறதுக்கு என்ன இருக்கு? எறிஞ்சு விடும்."

கூட்டம் ஒரு தேவாலயத்தின் கீழ்மண்டபத்தில் நடந்தது. முதலில் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். பதினேழு பிள்ளைகளைக் காப்பாற்றியவர் என்று செயலாளர் பேசினார், கை தட்டினார்கள். வழுக்குகிற துணி, தோளில் நிற்காது. அதை ஒரு கையால் பிடித்துக்கொண்டு பின்வரிசையில் இருந்தபடி மிச்சத்தைக் கேட்டேன். ஆஸ்துமாப் பிள்ளையின் தகப்பன் எழும்பினார். "ரீச்சர், இது கனடா. இஞ்ச செல் அடிக்கிறேல்லை. நெருப்புக்குள்ள பிள்ளையளைப் படுக்க வைக்கிறதுக்கு உங்களுக்கென்ன விசரோ?" என்றார். வேறொருவர், "பங்கர் வெட்டச் சொல்லாமல் விட்டது பெரிய விசயம்" என்றார். சிலர் சிரித்தார்கள். ரீச்சர் எழும்பி நின்றார். "பிழை என்ர. முழுப் பிழையும் என்ர. வேற ஒருத்தரையும் கேக்க வேண்டாம்" என்றார். கடைசி வசனத்தைச் சொல்லும்போது அவர் என் பக்கம் பார்க்கவில்லை. பார்க்காமல் இருந்ததில் இருந்துதான் அது எனக்குச் சொன்னது என்று தெரிந்தது. அன்றே பதவியை விட்டார். நான் பொன்னாடையைப் பிடித்தபடி இருந்தேன்.

அந்தத் தகப்பன் மேல் எனக்குக் கோபம் இல்லை. என் பிள்ளை என்றால் நானும் கத்தியிருப்பேன். அவருடைய மகள் இப்போது ஒஷாவாவில் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். போன வருடம் ஒரு கடையில் என்னைக் கண்டு, கையில் இருந்த பேனையைக் குறுக்கே கடித்துக் காட்டிச் சிரித்தாள். "அங்கிள், ரீச்சர் எப்பிடி இருக்கிறா?" என்று கேட்டாள். எனக்குத் தெரியாது என்றேன். ஐந்து வருடமாக நான் போய்ப் பார்க்கவில்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

இப்போது கோடையில் வடக்கே காடுகள் எரிந்து புகை இங்கேவரை வருகிறது. இந்த ஆவணியிலும் சூரியன் செம்பு நிறத்தில் நின்ற ஒரு நாளில்தான் செயலாளர் மலருக்காகத் தொலைபேசியில் கூப்பிட்டார். "உங்கட வீரக் கதையைத்தான் அண்ணை முதல் பக்கத்தில போடப் போறம்" என்றார். அன்றிரவு மஞ்சள் தாளைப் பற்றி மனைவியிடம் சொன்னேன். "இவ்வளவு காலமும் வாயை மூடிக்கொண்டோ இருந்தனீங்கள்?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு ஒரு கிழமை என்னோடு சரியாகக் கதைக்கவில்லை.

எழுதியதை எடுத்துக்கொண்டு, போன சனிக்கிழமை அஜக்ஸில் மகனோடு இருக்கும் ரீச்சரிடம் போனேன். மெலிந்திருந்தார். சுவெற்றர் கை இப்போதும் முழங்கைவரை மடித்துத்தான் இருந்தது. மஞ்சள் தாளைப் பற்றியும் எழுதியிருக்கிறேன் என்றேன்.

"எறியச் சொன்னனான் எல்லோ?"

"எறிய ஏலாமல் போச்சு ரீச்சர்."

"வேலைக்கு ஏதும் வந்தால்?"

"வந்தால் வரட்டும். பிள்ளையள் படிச்சு முடிச்சிட்டுதுகள்."

திருத்தித் தாருங்கள் என்று தாள்களை நீட்டினேன். கை பழக்கத்தில் சிவப்புப் பேனையை எடுத்து மூடியைக் கழற்றினார். முதல் வரியிலேயே ஏதோ கண்ணில் பட்டிருக்க வேண்டும், புருவம் ஏறியது. பிறகு மூடியைப் போட்டுவிட்டார்.

"நான் தொட்டால், கிழவி சொல்லிக் குடுத்து எழுதுவிச்சது எண்டு கதைப்பினம். பிழையோடயே குடும்." எல்லாத் தாள்களையும் வாசித்து முடித்த பிறகு, "நீர் என்னை 'எழும்பு' எண்டு கத்தினதை இதில காணேல்லை. அதையும் போடும். நான் எழும்பினது அந்தச் சத்தத்துக்குத்தான்" என்றார்.

போட்டிருக்கிறேன். இதை முதல் பக்கத்தில் போடுவதா, போடாமலே விடுவதா என்பது செயலாளரின் விருப்பம். போட்டால் முழுவதையும் போட வேண்டும். பொன்னாடையைத் தோய்த்து மடித்து இதோடு அனுப்புகிறேன். மஞ்சள் தாளையும் இந்தக் கடைசிப் பக்கத்தோடு ஊசி குத்தி வைக்கிறேன். இன்று காலை வேலைக்குப் போனபோது, மூன்றாம் அறை நின்ற இடத்தில் இப்போது நிற்கும் புதிய அறையைத் திறந்து மணியை அடித்துப் பார்த்தேன். அடிக்கிறது.

ஒக்டோபர் 18, சனிக்கிழமை.